கயிற்றின் மறுமுனை

— ஆறு நாப்பது. மெக்கானிக் ஏழுக்குத்தான் வரேன்னாரு. அதுக்குள்ள கொட்டகையையே கவுத்து வச்சிருக்கீங்களே அண்ணி.

— வா சுள்ளி. கதவச் சாத்து, பனிக்காத்து வருது.

— எப்ப வந்தீங்க?

— அஞ்சரைக்கு. உங்க அண்ணன் குறட்டைக்கு இந்தத் தகரக் கொட்டகையே தேவலாம்.

— என்ன இது, ரெண்டு வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்க?

— இது உன் பாதி. அது என் பாதி.

— நான் பாதி கேட்டேனா? போறேன்னுதான் சொன்னேன். சாமான் பூரா உங்களுக்கே இருக்கட்டும்னு அன்னைக்கே சொல்லிட்டேன்.

— வச்சு என்ன பண்ண? மேல நானே கிளைய அறுத்துட்டு, அது விழுறதுக்குள்ள கீழ ஓடியாந்து நானே கயிறு புடிக்கவா?

— வேற ஆளு கிடைப்பாங்க.

— பதினோரு வருசம் ரெண்டு பேருக்குன்னு பாத்துப் பாத்து வாங்குன சாமான். ஒத்தச் செருப்பைக் குடுத்து ஊர் சுத்திட்டு வான்னு சொல்ற.

— காலையிலயே ஆரம்பிக்காதீங்க. எதை எங்க வைக்கணும்னு சொல்லுங்க, வச்சிட்டுப் போறேன். பத்து மணிக்கு நாத்துப் பண்ணைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— அங்க என்ன வேல?

— எத்தன தடவ கேப்பீங்க? உக்காந்து பாக்குற வேல. செடி வாங்க வர்றவங்களுக்கு எது எவ்வளவு உயரம் வளரும், எதுக்கு எவ்வளவு தண்ணின்னு சொல்லணும்.

— இத்தன நாளு மரத்த வெட்டுனவ, இனி வளக்கச் சொல்லித் தரப்போற.

— புண்ணியம்னு வச்சுக்கங்க.

— சரி. மாமியார எந்தப் பக்கம் வைக்கிறது?

— எங்கம்மா பேர இனிமேலாவது விடுங்க. அது வெறும் மரம் அறுக்குற மெஷின்.

— பன்னண்டு தடவ இழுத்தாத்தான் முத வார்த்தை பேசும். பேச ஆரம்பிச்சா ஊரே கேக்கும், நிறுத்த முடியாது. வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?

— உங்க பக்கமே வைங்க. கட்டிக்கிட்டது நீங்க, நான் இல்ல.

— அதுவும் சரிதான். கிளை அரைக்கிற மெஷின்?

— அதுக்கு பெல்ட்டு மாத்தணும். போன மாசமே கத்துச்சு. பிளேடும் ஒரு பக்கம் மழுங்கியிருக்கு. வாங்குறவங்ககிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

— சொல்றேன். நீலக் கயிறு?

— அது ஆறு வருசம் ஆச்சு. யாருக்கும் குடுக்கக் கூடாது. முழம் முழமா வெட்டிடணும், நம்ம வழக்கப்படி. இல்லன்னா எவனாவது நல்லாத்தான இருக்குன்னு இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுவான்.

— அப்ப வெட்டு. கத்தி அங்க இருக்கு.

— நீங்களே வெட்டுங்க.

— ஏன்?

— குளுருது.

— குளுருது. அதான் வந்ததுலேருந்து கைய ஜேப்புலேருந்து எடுக்கவே இல்ல.

— குளுருதுன்னு சொன்னேன்ல?

— சுள்ளி, அந்த மேஜை மேல ஒரு நட்டு கெடக்கு பாரு. செயின் மூடியோட நட்டு. அத எடுத்துக் குடு.

— நீங்கதான் பக்கத்துல நிக்கிறீங்க.

— என் கையில கிரீஸ். எடுத்துக் குடும்மா.

— இந்தாங்க.

— அது வாஷர்.

— இருட்டா இருக்கு.

— தலைக்கு மேல லைட்டு எரியுது. நட்ட எடு.

— இருங்க.

— கீழ விழுந்திருச்சு.

— தெரியுது! எடுக்குறேன்ல?

— விடு. குனியாத. கைய இங்க குடு.

— வேணாம் அண்ணி.

— குடுடி.

— கிரீஸ் ஆகும்.

— பதினோரு வருசமா ஆகாத கிரீஸா? ஐயோ. மெழுகு மாதிரி இருக்கே. இந்த மூணு விரலும் செத்த விரல் மாதிரி வெளுத்துக் கெடக்கே.

— காலையில மட்டும்தான். வெயில் வந்தா சரியாயிடும்.

— இத அழுத்துறது தெரியுதா?

— தெரியுது.

— நான் இன்னும் அழுத்தவே இல்ல.

— சரி, தெரியல! போதுமா? தெரியல. டாக்டரப் பாத்துட்டேன். மெஷின் அதிர்வுதான் காரணமாம். வருசக்கணக்கா பெரிய மெஷினப் புடிச்சுப் புடிச்சு விரல்ல ரத்தம் ஓடுற குழாய் சுருங்கிப்போச்சாம், நரம்பும் செத்திருக்காம். இனி மெஷின் தொட்டா கூடும், தொடலைன்னா இதோட நிக்கும்னாரு. கொஞ்சம் திரும்பி வந்தாலும் வருமாம்.

— எப்ப பாத்த?

— மூணு வாரம் முன்னாடி. பள்ளத்து வீட்டு மரம் வெட்டுனோமே, அதுக்கு மறுநாள்.

— ஓ. அப்பத்தான் உனக்குத் தெரியும்.

— என்ன அர்த்தம், அப்பத்தான் தெரியும்னா?

— எனக்கு நாலு மாசமா தெரியும்.

— என்னது?

— உக்காரு.

— நாலு மாசமா உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது!

— என் மெஷின் செயினுக்கு அரம் போட்டுத் தீட்டுறது யாரு?

— நான்தான். உங்களுக்கு நானு, எனக்கு நீங்க. அவங்கவங்க செயின அவங்கவங்க தீட்டுனா இன்னைக்குப் போதும்னு தோணும், அடுத்தவ செயின்னா அப்படி விட மனசு வராதுன்னு நீங்கதான முத நாளே சட்டம் போட்டீங்க.

— போட்டேன். நாலு மாசம் முன்னாடி மேல உக்காந்து ஒரு கிளைய அறுக்குறேன், வெட்டு நேரா போகாம எடப்பக்கமா கோணிக்கிட்டுப் போகுது. மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். எறங்கி வந்து செயினப் பாத்தா எடப்பக்கப் பல்லு எல்லாம் ஒரு நீளம், வலப்பக்கப் பல்லு எல்லாம் ஒரு நீளம்.

— பொய் சொல்றீங்க.

— உன் அரம் எப்படின்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பல்லுக்கும் மூணு இழுப்பு, அதுக்கு மேல ஒண்ணு இழுக்க மாட்ட, கொறைக்கவும் மாட்ட. அளவுகோல் தோத்துப்போகும். அந்தக் கை கோணுதுன்னா கையிலதான் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது.

— அப்புறம்?

— வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அடுப்பங்கரை மேடையில வச்சு நானே சரி பண்ணிட்டு, காலையில திரும்ப மாட்டி வச்சேன்.

— ஒரு தடவையா?

— நாலு மாசமும்.

— நாலு மாசமும்!

— உங்க அண்ணன்தான் ஒரு நாள் கேட்டாரு, சமையலறையில ஏன் இரும்புத் தூளா இருக்குன்னு. மிக்ஸி பழுதுன்னு சொன்னேன். பாவம், புதுசு வாங்கிட்டு வந்துட்டாரு.

— சிரிக்காதீங்க! இதுல சிரிப்பு வேறயா? நான் தீட்டிக் குடுப்பேன், நீங்க மறுநாள் வந்து செயின் நல்லா ஓடுச்சுடின்னு சொல்வீங்க. சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— அத நம்பித்தான் நான் கைய நம்புனேன். விரல் ஒரு மாதிரி மரத்துப்போகும், சரி, அலுப்புன்னு விட்டுடுவேன். அரம் ஒழுங்காத்தான போடுறேன், அண்ணியே சொல்றாங்களே, கை நல்லாத்தான் இருக்குன்னு. நாலு மாசம்! அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா, சுள்ளி உன் அரம் கோணல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருப்பேன். நாலு மாசம் மெஷினப் புடிச்சிருக்க மாட்டேன்.

— சொன்னா உன் மனசு நோகும்னு நெனச்சேன். தப்பு என்னோடதுதான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அதுக்கு ஒரு சாக்கும் சொல்ல மாட்டேன். திட்டுறதுன்னா திட்டு.

— திட்ட வாய் வரல.

— உனக்கா? வாய் வரலையா?

— அண்ணி, நான் எதுக்குப் போறேன்னு நெனச்சீங்க? கைக்காகவா?

— வேற எதுக்கு?

— பள்ளத்து வீட்டு மரம். ரெண்டாவது பெரிய கிளை. ஞாபகம் இருக்கா?

— கயிறு ஈரம், வழுக்கிருச்சுன்ன.

— அன்னைக்கு மழையே இல்ல. அடிமரத்துல மூணு சுத்து சுத்தித்தான் புடிச்சிருந்தேன். நீங்க அறுத்துவிட்டீங்க. கயிறு கைக்குள்ள ஓடுது, ஓடுறதே எனக்குத் தெரியல அண்ணி. கண்ணால பாத்தப்புறம்தான் ஓடுதுன்னே தெரிஞ்சுது. ரெண்டு ஆள் நீளம் ஓடிருச்சு. கிளை ஆடி வந்து உங்க காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. ஒரு சாண்.

— அடிபடலையே.

— அன்னைக்கு ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்ல? நீங்க ரெண்டு பேரும் என்னத்தையோ சொல்லிச் சிரிக்கிறீங்க. எனக்கு உள்ள எறங்கல. இந்த வீட்டுல வந்து நான் என்ன சேதி சொல்லியிருப்பேன்னே ஓடிட்டு இருக்கு. அதான் போறேன். கை போனா போகட்டும், எனக்கு இன்னொண்ணு இருக்கு. அண்ணனுக்குப் பொண்டாட்டி ஒண்ணுதான்.

— அவரு அப்படி நெனக்கிற மாதிரி தெரியலையே.

— அண்ணி!

— சரி சரி. அழுவாத. கிரீஸ் கையோட நான் தொடைக்கவும் முடியாது.

— நான் அழல.

— ஊர்ல எல்லாரும் என்ன சொல்வாங்க தெரியுமா? நாத்தனார் கையில கயித்தக் குடுத்துட்டு மரத்துல ஏறுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்னு. எங்கம்மா இன்னைக்கும் போன்ல கேப்பாங்க, அவளோட சண்டை கிண்டை எதுவும் இல்லையே, மரம் ஏறுற நாளாப் பாத்துச் சண்டை போட்டுறாதன்னு.

— அவங்க சொன்னது நெசமாப் போயிருக்கும்.

— போகலல்ல?

— திங்கக்கெழம பள்ளிக்கூடத்து மரத்துக்கு என்ன பண்ணப்போறீங்க? ஒத்துக்கிட்டாச்சே. வகுப்பறை ஓட்டு மேல படர்ந்து நிக்குது. ஒரு கிளையக்கூடத் தடால்னு போட முடியாது, எல்லாத்தையும் கயித்துலதான் எறக்கணும்.

— அதுக்குத்தான் மெக்கானிக் வர்றாரு.

— மெக்கானிக் சாமான எடுத்துட்டுப் போகத்தான வர்றாரு?

— எடுத்துட்டும் போவாரு. இந்தா, வண்டிச் சத்தம். ஆளு வந்தாச்சு.

— என்னம்மா, ரெண்டு பேரும் கொட்டகைக்குள்ளயே குடித்தனம் வந்துட்டீங்களா?

— வாங்க மெக்கானிக். கொண்டு வந்தீங்களா?

— வண்டியில இருக்கு. கனம்னா கனம். இந்தா தங்கச்சி, இத ஒரு கை புடி.

— அவ புடிக்க வேணாம். நான் வரேன். ரெண்டு கையாலயும் தூக்குங்க, ம், அந்தத் தூண்கிட்ட வைங்க.

— என்ன அண்ணி இது? பானை மாதிரி?

— நான் சொல்றேன் தங்கச்சி. இரும்பு உருளை. இத மரத்தோட அடியில வார்ப்பட்டை போட்டுக் கட்டிடணும். கயித்த இதுல சுத்தினா கனம் பூரா உருளைதான் தாங்கும், உன் கை தாங்க வேணாம். நீ விட்டாத்தான் ஓடும். நிறுத்தணும்னா கயித்த இந்தக் கொம்புல சுத்தி ஒரு போடு. ஒத்தை விரலால நிறுத்தலாம். இன்னொண்ணு, உங்க அண்ணிக்கு பேட்டரி மெஷின். அதிர்வு கம்மி, சத்தம் கம்மி. அதுக்குப் பதிலா அந்தப் பழைய அறுக்குற மெஷின் ரெண்டையும் நான் எடுத்துக்குறேன்.

— மாமியாரக் குடுக்கப்போறீங்களா?

— மெக்கானிக், அதப் பாத்து ஓட்டுங்க. காலையில பன்னண்டு தடவ.

— தெரியும்மா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு.

— அண்ணி, எல்லாத்தையும் நீங்களா முடிவு பண்ணிட்டு, பாகம் பிரிக்கிற மாதிரி ஒரு நாடகம் வேற ஆடியிருக்கீங்க.

— கையக் காட்டுன்னா காட்டியிருப்பியா?

— பேட்டரி மெஷினும் அதிரத்தான் செய்யும்.

— அது எனக்கு. உனக்கு இனி மெஷினே கெடையாது. கிளை அரைக்க ஒரு ஆளப் போட்டுக்கலாம். உனக்குக் கயிறு மட்டும்.

— அப்ப நான் சும்மா கயித்தப் புடிச்சிட்டு நிக்கிற பொம்மை.

— மேல தொங்குறவளக் கேளு, கீழ நிக்கிறது பொம்மையான்னு.

— என்னால முடியாது அண்ணி. உருளை தாங்கும், சரி. எப்ப விடணும், எவ்வளவு விடணும்னு கைதான சொல்லணும்? விரல்ல ஒண்ணும் தெரியலன்னு இப்பத்தான பாத்தீங்க?

— பழகிப் பாக்காம எப்படிச் சொல்ற?

— யார வச்சுப் பழக? உங்கள வச்சா?

— கட்டைய வச்சு. பின்னாடி மரத்துல நேத்து சாயங்காலமே ஒரு காஞ்ச கட்டைய ஏத்தி வச்சிருக்கேன். கப்பியும் மாட்டியாச்சு. உருளைய இந்தத் தூண்லயே கட்டிடலாம், கயிறு ஜன்னல் வழியா வெளிய போகட்டும்.

— உள்ளேருந்து எதுக்கு? வெளிய மரத்துக்கு அடியிலயே கட்டலாமே?

— வெளிய நின்னா கண்ணால பாத்துப் பாத்து விடுவ. இல அடர்ந்த மரத்துல கிளை எங்க கண்ணுக்குத் தெரியுது? சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு எறக்கு. கட்டை டமால்னு விழுந்தா நாத்துப் பண்ணைக்குப் போ, நானே கொண்டுபோய் விடுறேன். விழலன்னா அப்புறம் பேசலாம்.

— விழுந்தா திரும்ப என்னக் கட்டாயப்படுத்தக் கூடாது.

— மாட்டேன்.

— அண்ணன் மேல சத்தியமா?

— அந்த மனுசன ஏன் இழுக்குற? சத்தியமா. மெக்கானிக், நீங்க பின்வாசல்ல நின்னு இவளுக்குச் சொல்லுங்க. நான் ஏறி முடிச்சு போட்டுட்டு வரேன்.

— நானாம்மா?

— நீங்கதான். முன்னாடியே பேசுனதுதான.

— பேசுனோம். அப்ப சரின்னு தோணுச்சு.

— இப்பவும் சரிதான். சுள்ளி, எத்தன சுத்து?

— கனம் எவ்வளவு?

— ஒரு அறுபது கிலோ.

— அப்ப ரெண்டு. இல்ல, மூணு போடுறேன்.

— ரெண்டு போதும்.

— மூணு.

— உன் கயிறு, உன் இஷ்டம். நான் போறேன்.

— மெக்கானிக், உருளையில இந்தப் பக்கமாத்தான சுத்தணும்?

— ஆமா தங்கச்சி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. ம், அப்படித்தான். கொம்புல ஒரு போடு போட்டு வை.

— போட்டாச்சு. அண்ணி ஏறிட்டாங்களா?

— ஏறுறாங்க. அடேங்கப்பா, அணிலு தோத்துச்சு. இந்தா கிளைக்குப் போயிட்டாங்க.

— பெல்ட்டு மாட்டியிருக்காங்களா?

— மாட்டியிருக்காங்க.

— ஹெல்மெட்?

— எல்லாம் போட்டிருக்காங்க.

— என்ன பண்றாங்க இப்ப?

— முடிச்சு போடுறாங்க. இரு. இரு. கைய ஆட்டுறாங்க. இப்ப கனம் ஏறுமாம். தயாரா?

— கொம்புலேருந்து எடுத்துட்டேன். விடச் சொல்லுங்க.

— தயாராம்மா!

— ஐயோ, ஓடுது, ஓடுது!

— புடி!

— புடிச்சிட்டேன். ஒரு முழம் ஓடிருச்சு. புடிச்சிட்டேன்.

— அம்மாடி.

— எப்படிப் புடிச்சேன்னு தெரியல. கை ஒண்ணும் சொல்லல. இடுப்புதான் தானாப் பின்னாடி சாஞ்சுது.

— நல்லா நிக்குது. ஆடல. நல்லாத்தான் நிக்குது.

— நீங்க ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க? இந்தப் பனியில?

— கனத்த எறக்கி வச்சேன்ல, அதான். மெதுவா விடு. அவசரமே இல்ல.

— விடுறேன். கொஞ்சம் கொஞ்சமா. எவ்வளவு உசரம் இருக்கு?

— ஒரு பதினாலு அடி. விடு. விடு. நில்லு.

— நிறுத்திட்டேன். எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?

— சும்மா. நிக்குதான்னு பாத்தேன்.

— நல்லா பாத்தீங்க போங்க. திரும்ப விடவா?

— விடு. கை எப்படி இருக்கு?

— விரல்ல ஒண்ணும் இல்ல. விரலுக்குப் பதிலா கட்டைய வச்ச மாதிரி. ஆனா மெக்கானிக், ஒரு விசயம். இங்க தெரியுது.

— எங்க?

— தோள்ல. முழங்கைக்கு மேல. கயிறு ஓடுறதும் நிக்கிறதும் இங்கதான் வந்து சொல்லுது. உருளையும் பேசுது, கேட்டீங்களா? வேகமாப் போனா கிறீச்சுங்குது. மெதுவாப் போனா உம்முன்னு வருது.

— எனக்கு நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது.

— அறுபது கிலோ இல்ல இது. அறுபத்தஞ்சாவது இருக்கும்.

— அத நான் எப்படிம்மா கேக்குறது?

— யாரு கேக்கச் சொன்னா? சொல்றேன். நல்ல கட்டை. சுத்தாம கொள்ளாம அடக்கமா வருது. காஞ்ச கட்டைன்னா இப்படி வராதே. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இடிக்கணுமே.

— பேசாம விடும்மா.

— பேசாம என்னைக்கு விட்டிருக்கேன்? இப்ப எவ்வளவு?

— பத்தடி இருக்கும்.

— கண்ண மூடிக்கிட்டு விடவா? வேணாம்னு சொல்லாதீங்க. மூடிட்டேன். பாருங்க. இப்ப ஒரு முழம் விடுறேன். நிறுத்துறேன். ஒரு முழம் விட்டேனா?

— ஒரு முழம்தான். சரியா ஒரு முழம்தான். கண்ணத் தொற, சாமி.

— அண்ணி எங்க? பாத்துட்டுத்தான இருக்காங்க? மேலயேவா உக்காந்திருக்காங்க? அண்ணி! அண்ணி, டமால்னு விழல! இன்னும் கையிலதான் இருக்கு! கேக்குதா?

— கேக்குது.

— அண்ணி? சத்தம் என்ன ஜன்னலுக்கு நேரா வருது? எறங்கிட்டீங்களா?

— எறங்கிட்டுத்தான் இருக்கேன்.

— அப்ப கட்டையப் பாருங்க, எப்படி நிக்குது?

— கட்டை இன்னும் கிளை மேலதான் கெடக்கு சுள்ளி. உன் கயித்துல தொங்குறது நான். என் கயித்த மேலயே அவுத்து விட்டுட்டு வந்துட்டேன். தரைக்கு இன்னும் எட்டடி இருக்கு. எறக்கி விடுறியா, இல்ல இப்படியே கொம்புல ஒரு போடு போட்டுட்டு செடி விக்கப் போறியா?